வேலைக்குச் செல்ல சைக்கிளா, வண்டியா?
தம்பதியர் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



குடும்ப நலம் என்றதும் பலரும் கருத்தடை, தடுப்பூசி, பிரசவம் இவற்றை மட்டுமே நினைக்கிறோம். காலையில் வீட்டைவிட்டு வேலைக்கு எதில் கிளம்புகிறோம் என்பதும் குடும்ப நலம்தான். அதில் உடம்பு இருக்கிறது, காசு இருக்கிறது, உயிரும் இருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வீட்டுப் பேச்சு

பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. கணவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். புதிதாக ஒரு மொபெட் வாங்கலாம் என்று முன்பணம் சேர்த்து வைத்திருந்தார்.

"ஏங்க, மில்லு இங்கிருந்து நாலு கிலோமீட்டரு. அதுக்குப் போயி தெனமும் வண்டி எதுக்கு? சைக்கிள்ல மிதிச்சா ஆவாதா?"

"ஏம்புள்ள, ஊருல எல்லாரும் வண்டியில போறாங்க. நான் மட்டும் சைக்கிள்ல போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"நாலு பேரா வந்து ஊசி போட்டுக்கப் போறாங்க? உங்கப்பாவுக்குச் சக்கரையில கால் வெரலு எடுத்தாங்களே, மறந்துட்டீங்களா? நீங்களும் அங்க போயி உக்காந்தே இருக்கீங்க. வயிறு வேற முன்ன வருது."

கணவருக்குப் பதில் வரவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

1. நம் உழைப்பு மாறிவிட்டது

நம் தருமபுரி மாவட்டம் மேட்டுப் பூமி. கேழ்வரகுக் களி தின்று, கிணற்றில் ஏற்றம் இறைத்து, மூன்று மைல் நடந்து சந்தைக்குப் போன தலைமுறைக்குத் தனியாக உடற்பயிற்சி என்று ஒன்று தேவைப்படவில்லை. இன்று மோட்டார் தண்ணீர் இறைக்கிறது. டிராக்டர் உழுகிறது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். உள்ளூரிலும் தையல் கம்பெனி, கடை, ஆலை, அலுவலகம் என்று எட்டு மணி நேரம் உட்கார்ந்தோ ஒரே இடத்தில் நின்றோ செய்யும் வேலை பெருகிவிட்டது. களியும் சோறும் குறையவில்லை. உடம்பை அசைப்பதுதான் குறைந்துவிட்டது.

விளைவு என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய சர்க்கரை நோய் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் அது 100-க்கு 14 பேருக்கு மேல். இது பட்டணத்துப் பணக்கார வியாதி என்று இனி சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை அரசு எங்கே தொடங்கியது தெரியுமா? 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளி கிராமத்தில். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையைக் கிராமத்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

2. மிதிக்கிற கால் இதயத்தைக் காக்கும்

இலண்டன் மாநகரில் மாடி பஸ்கள் ஓடுகின்றன. அந்த பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் நாளெல்லாம் படி ஏறி இறங்குபவர். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் மாரடைப்பு நோய் டிரைவர்களுக்கு அதிகமாகவும் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. உடம்பை அசைப்பவர் பிழைத்தார் என்பதே அதன் சுருக்கம்.

நம் நாட்டுச் செய்தியும் உண்டு. இலக்னோ, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஊர்களின் ஆலைத் தொழிலாளர்களையும், கிராமங்களில் வாழும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 3,900 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. அதன் கணக்கு இது:

சொந்த மோட்டார் வாகனத்தில் வேலைக்குப் போனவர்கள்: அதிக எடை 100-க்கு 50 பேர், இரத்தக் கொதிப்பு 100-க்கு ஏறக்குறைய 18 பேர், சர்க்கரை நோய் 100-க்கு ஏறக்குறைய 11 பேர்.

சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள்: அதிக எடை 100-க்கு 24 பேர்; இரத்தக் கொதிப்பு 100-க்கு 6 அல்லது 7 பேர்; சர்க்கரை நோய் 100-க்கு 4 பேர்.

சைக்கிள் மிதித்தால் நோயே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வண்டி வைத்திருப்பவர்களின் சாப்பாடு, வேலை எல்லாம் வேறாக இருக்கலாம். ஆயினும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அலட்சியம் செய்ய முடியாது.

எவ்வளவு மிதித்தால் போதும்? பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போகக் கால் மணி, வரக் கால் மணி. ஆக ஒரு நாளைக்கு 30 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் போனால் 150 நிமிடம் ஆயிற்று! கால் மணி நேரத்தில் சைக்கிளில் மூன்று நான்கு கிலோமீட்டர் போகலாம். அதாவது நாலு கிலோமீட்டரில் வேலை உள்ளவருக்கு, மருத்துவர் சொல்லும் உடற்பயிற்சி போக வரவே முடிந்துவிடுகிறது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாளெல்லாம் வரப்பு வெட்டுபவர், செங்கல் சுமப்பவர், கரும்பு வெட்டுபவர் இவர்களுக்கு உழைப்பு ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. அலுத்து வருகிறவர் வண்டியில் வந்தால் தவறில்லை. உட்கார்ந்து வேலை செய்பவருக்குத்தான் இந்தப் பாடம் முக்கியம்.

3. காசுக் கணக்கு

நாலு கிலோமீட்டர் தூரம். போக வர எட்டு. மாதம் 25 நாளுக்கு 200 கிலோமீட்டர். மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 400 ரூபாய். வருடத்துக்கு 4,800 ரூபாய். ஆயில், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், தவணை வட்டி எல்லாம் தனி.

400 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். முட்டை ஒன்று ஆறரை ரூபாய் என்றாலும் 60 முட்டை வாங்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் முழுவதும் தினம் ஒரு முட்டை. சைக்கிளுக்கும் செலவு உண்டு. பஞ்சர், பிரேக் கட்டை, டயர். ஆனால் அது எப்போதாவது வருகிற செலவு.

நேரத்தில் மட்டும் சைக்கிள் தோற்கும். அதே தூரத்தை மொபெட் ஏழெட்டு நிமிடத்தில் கடக்கும். அந்த ஏழெட்டு நிமிடத்தை உடம்புக்குக் கட்டும் சீட்டுப் பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே சைக்கிள் கூடாது

சைக்கிளின் பெருமையை மட்டும் பேசினால் அது முழுப் பாடம் ஆகாது. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேர் இருசக்கர மோட்டார் வாகனத்தில் போனவர்கள். சைக்கிளில் போனவர்களும் இறந்திருக்கிறார்கள். சைக்கிளுக்குப் பின்னால் வருகிற லாரிக்கு அது யார் வீட்டுக் கணவர் என்று தெரியாது.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

அ) நம் மாவட்டத்தின் ஊடே போகும் நான்குவழி தேசிய நெடுஞ்சாலையிலும், தொப்பூர் கணவாய் இறக்கத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போக வேண்டாம். கிராமச் சாலை, ஏரிக்கரைப் பாதை, பஞ்சாயத்து ரோடு இருந்தால் அரை கிலோமீட்டர் சுற்றானாலும் அதில் போங்கள்.

ஆ) தூரம் எட்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் பஸ் நிறுத்தம் வரை சைக்கிள், பிறகு பஸ். இதுவே நல்ல ஏற்பாடு.

இ) இரவு ஷிப்டு, மழை, கடும் காய்ச்சல், அவசரம், பிரசவ வலி இவற்றுக்கு வண்டியோ ஆட்டோவோதான். பிரசவத்துக்கும் விபத்துக்கும் 108-ஐ அழையுங்கள்.

ஈ) சைக்கிளில் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்புறம் விளக்கு, பெல், இரண்டு பிரேக் இவை கட்டாயம் இருக்க வேண்டும். விடியற்காலையில் வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

உ) வண்டியில் போகிறவர் ஹெல்மெட் அணிந்து பட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஹெல்மெட் உண்டு. ஹெல்மெட் அணிவதால் தலைக்காயம் 100-க்கு 69 பங்கும், சாவு 100-க்கு 42 பங்கும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட உண்மை. பெட்ரோல் டாங்கின் மேல் மாட்டிவைத்த ஹெல்மெட் டாங்கைத்தான் காக்கும்.

ஊ) சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேர்ந்த விபத்துகள் பல. இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள். சைக்கிளானால் செயின் கவர், வண்டியானால் சேலைக் கம்பி இருக்க வேண்டும்.

எ) குடித்துவிட்டுச் சைக்கிளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்.

5. வீட்டுச் சைக்கிள் யாருடையது?

பல வீடுகளில் ஒரு சைக்கிள் திண்ணை ஓரம் துருப்பிடித்து நிற்கிறது. பிள்ளை பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்தது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் அது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர்க்கும் வந்தது. பிள்ளை படிப்பு முடித்துப் போனபின் அந்தச் சைக்கிளை யாரும் தொடுவதில்லை. அதை அம்மா ஓட்டினால் என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பழக்கத்தையும் சேர்த்தார். ஊர் கேலி பேசியது. பெண்கள் விடவில்லை. ஓரிரு ஆண்டுக்குள் ஒரு லட்சம் அளவுக்குக் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்றும் சொன்னார்கள். தண்ணீர் கொண்டுவர, விளைந்ததை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று.

இதைக் குடும்ப நலப் பாடத்தில் சொல்லக் காரணம் உண்டு. குழந்தைக்குத் தடுப்பூசி நாள் தவறுவது ஏன் என்று வீடுகளில் கேட்டால், "அவரு வேலைக்குப் போயிட்டாரு, கூட்டிப் போக ஆளில்ல" என்ற பதில்தான் அடிக்கடி வரும். துணை சுகாதார நிலையம் இரண்டு மைல்தான். மனைவி சைக்கிள் ஓட்டினால் அந்தப் பதில் தேவைப்படாது. கணவர்மார்களே, கற்றுக்கொடுங்கள். ஒரு வாரம் மாலையில் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். உங்களுக்கும் அது உடற்பயிற்சி.

6. நீங்கள் கேட்கும் சந்தேகங்கள்

"ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்தால் அப்புறம் சைக்கிள் மிதிக்கவே முடியாதாமே?"
முடியும். தழும்பில்லாத நவீன ஆண் கருத்தடைக்குப்பின் இரண்டு நாள் ஓய்வு. அதன்பின் வழக்கமான இலேசான வேலை செய்யலாம். சைக்கிள் மிதிப்பது, பாரம் தூக்குவது மட்டும் ஒரு வாரம் கழித்து. பிறகு முன்போல மிதிக்கலாம். பலம் குறையாது, ஆண்மை குறையாது. ஆனால் பலன் உடனே வராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று தெரியும்வரை ஆணுறை அவசியம். சைக்கிள் பயத்தைக் காரணம் காட்டி ஆபரேஷனை மனைவி தலையில் கட்டிய கணவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆயுள் ஒரு வாரம்தான்.

"பெண் சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடுமா?"
இறங்காது. அடுத்தடுத்துப் பிரசவம், நெடுநேரம் முக்கிப் பெற்ற கஷ்டப் பிரசவம், பிரசவித்த சில நாளிலேயே குடமும் விறகும் சுமப்பது, தீராத இருமல், மலச்சிக்கல் இவற்றால்தான் கர்ப்பப்பை இறங்குகிறது. மருமகள் சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்கும் மாமியார், அவள் பச்சை உடம்போடு குடம் தூக்குவதைத் தடுத்தால் புண்ணியம்.

"ஆண்களுக்குச் சைக்கிள் சீட்டால் பிள்ளை பிறக்காமல் போகுமா?"
அன்றாடம் வேலைக்குப் போய்வரும் அளவுக்குப் பயம் வேண்டாம். உட்காரும் இடம் மரத்துப்போனால் சீட்டு சரியில்லை என்று பொருள். சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருக்கக்கூடாது. சமமாக வையுங்கள். மரத்துப்போவது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

"கர்ப்பிணி ஓட்டலாமா?"
கர்ப்பத்தில் புதிதாகப் பழக வேண்டாம். முன்பே ஓட்டிப் பழகியவரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டே முடிவு செய்க. வயிறு பெரிதாகும்போது உடம்பின் நிலை தடுமாறும், விழுந்தால் ஆபத்து. மேடு பள்ளச் சாலையில் வண்டியின் பின்னால் குலுங்கிப் போவதும் நல்லதல்ல. உதிரப்போக்கு கண்டவர் எதிலும் ஏறாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

"எனக்கு ஏற்கெனவே சர்க்கரை. மிதிக்கலாமா?"
மிதிக்கலாம், மிதிப்பது நல்லது. ஆனால் மாத்திரை அல்லது இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் கிளம்பக்கூடாது. சட்டைப் பையில் நாலு மிட்டாயோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் உடனே இறங்கி அதை வாயில் போடுங்கள். செருப்பில்லாமல் மிதிக்க வேண்டாம். தினமும் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

7. தொடங்கும் முறை

விட்டுப்போன பழக்கத்தை ஒரே நாளில் பிடிக்க முயல வேண்டாம். நானும் அப்படி விட்டவன்தான். பணிக்கு வந்த புதிதில் துணை சுகாதார நிலையங்களுக்குச் சைக்கிளில்தான் போவேன். பிறகு வண்டி வந்தது. அதோடு தொப்பையும், பரிசோதனையில் சர்க்கரையும் வந்தன. ஊருக்குச் சொல்கிறவன் நாமே செய்யவில்லையே என்ற வெட்கத்தில் ஐம்பது வயதுக்குமேல் மறுபடி மிதிக்கத் தொடங்கினேன். முதல் வாரம் தொடை வலித்தது உண்மை. மூன்றாம் வாரம் வலி போயிற்று.

முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் மிதியுங்கள். அடுத்த வாரம் நாலு நாள். பிறகு தினமும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி சீட்டு உயரத்தை வையுங்கள். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். மேட்டில் மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளுங்கள், அதில் அவமானம் இல்லை. நம் ஊர் மேடு அப்படிப்பட்டது. சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் பாட்டிலும் தலைக்குத் துண்டும் அவசியம். வாரம் ஒருமுறை காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள்.

8. அந்த வீட்டில் என்ன முடிவாயிற்று?

வண்டி வாங்கினார்கள். ஆனால் வேலை நாளில் அவர் மில்லுக்குப் போவது பழைய சைக்கிளில். இரவு நேரத்துக்கும், அப்பாவைக் கால் புண்ணுக்குக் கட்டுப் போட அழைத்துப் போகவும் வண்டி. மகளின் பள்ளிச் சைக்கிளுக்குப் புது டயர் போட்டார்கள். தையல் கம்பெனி வேன் நிற்கும் ரோட்டுக்கு அந்த அம்மாள் இரண்டு கிலோமீட்டர் அதில் போகிறார். முதல் முறை வாய்க்கால் ஓரம் விழுந்து முழங்கை சிராய்த்ததை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கணவருக்கு இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நோயாக மாறவில்லை. மாறாமல் காக்க வேண்டும் என்பதே இப்போது அந்த வீட்டின் கவலை.

இன்றிரவு இருவரும் பேசுங்கள்

1. நம் வேலை இடம் எத்தனை கிலோமீட்டர்? லாரி போகாத பாதை உண்டா?
2. நாம் நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்?
3. நம் பெற்றோரில் யாருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு? நமக்கு 30 வயது ஆகிவிட்டதா? பரிசோதனை செய்தோமா?
4. மாதம் பெட்ரோலுக்கு எவ்வளவு? அதில் பாதி மிஞ்சினால் எதற்குச் செலவிடலாம்?
5. வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிளை யார் ஓட்டப் போகிறார்கள்?

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். கிட்டத்துக்குச் சைக்கிள், எட்டத்துக்கு பஸ், அவசரத்துக்கு வண்டி. இதை இன்றே உங்கள் வீட்டு வழக்கமாக்குங்கள்.